சாயங்காலத்துப் பூட்டு

சேலம் குகைப் பகுதியில் குடியிருந்த சௌந்திரத்தைப் பற்றி எண்பதுகளின் நடுவில் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பகலில் பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள், சரி. ஆனால் விளக்கு வைக்கிற நேரமானால் அவள் வீட்டுக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டுத் தொங்கும். மழையானாலும் தொங்கும், பொங்கலானாலும் தொங்கும். எங்கேதான் போகிறாள்? சினிமாவுக்கு என்றார்கள் சிலர். வேறு சிலர், “கல்யாணமாகாத பொம்பள...” என்று ஆரம்பித்து, மிச்சத்தைக் கேட்கிறவர் கற்பனைக்கு விட்டுவிடுவார்கள். ஊர் வாய்க்கு அவ்வளவு இடம் போதும். ஒரு பொருளாதார விரிவுரையாளர் தன் ஆராய்ச்சியில் கண்ட ஒரே உருப்படியான முடிவின்படி தினமும் தன் வீட்டைத் தானே பூட்டிக்கொண்டு ஓடி ஒளிகிறாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சௌந்திரம் பிறந்தது திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே, நிலக்கடலையும் பருத்தியும் விளைகிற மேட்டாங்காட்டில். நிலபுலன் உள்ள குடும்பம். அப்பா, அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட, அவளையும் தம்பி சின்னுசாமியையும் பெரியப்பா நாச்சிமுத்துதான் ஆளாக்கினார். தம்பிக்கும் அவளுக்கும் பத்து வயது இடைவெளி. அவனுக்குச் சோறு ஊட்டியதும் தலைக்கு எண்ணெய் வைத்ததும் அவள்தான். போதும், படிப்பை நிறுத்து என்று வீட்டில் யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே எம்.ஏ. வரைக்கும் போய்விட்டாள். மாப்பிள்ளைகள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அதில் சோகக் கதை எதுவும் இல்லை. அவளுக்கு அவர்களில் யாரையும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் ஒரு மனிதன் வருவான். தனக்கு எது நல்லது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்வான். காலையில் எடுத்த முடிவைச் சாயங்காலம் மாற்றமாட்டான். வருடா வருடம் இவனைப் பற்றி மாணவிகளுக்கு நடத்தும்போதெல்லாம் சௌந்திரத்துக்கு எரிச்சலாக வரும். அவள் பிறந்த ஊர்ப்பக்கம் அப்படி ஓர் ஆளைக் கண்டதே இல்லை. எழுபத்தொன்றில் அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்தது. விடவேண்டும், விடவேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்கிறவன் ஏன் விடுவதில்லை என்பதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். சென்னையில் இருந்த வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பைப் பார்த்துவிட்டு, “இது எகனாமிக்ஸ் இல்லேம்மா, சைக்காலஜி” என்றார். மனோதத்துவத் துறையில் போய்க் கேட்டால், இது பொருளாதாரம் என்றார்கள். பிற்காலத்தில் மேல்நாட்டில் இதற்கு நடத்தைப் பொருளாதாரம் என்று பெயர் வைத்துப் பெரிய படிப்பாக்கிவிட்டார்கள். அன்றைக்கு இது இரண்டு வீட்டிலும் சேர்க்காத பிள்ளை.

ஆய்வென்றால் குடிக்கிறவர்களிடம் பேசவேண்டும். சாயங்காலம் சாராயக் கடைப் பக்கம் ஒரு பெண்பிள்ளை போய் நிற்க முடியுமா? அதனால் காலையில் போனாள். தறிப் பட்டறை, லாரி செட், கிணற்று வேலை என்று வேலை தொடங்குகிற இடங்களாகப் பார்த்துப் போனாள். குளித்துத் திருநீறு பூசிய ஆட்கள் மரியாதையாக எழுந்து நின்று பதில் சொன்னார்கள். “இன்னையோட உட்டாச்சுங்க” என்றார்கள். “இனி அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறதில்லீங்க” என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் விட்டுவிட ஆசைப்பட்டார்கள். வழிகாட்டி தாள்களைப் புரட்டிவிட்டு, “எல்லாரும் விட்டாச்சுன்னா, குடிக்கறது யாரும்மா?” என்று கேட்டார்.

முதலில் அவர்கள் பொய் சொல்வதாகத்தான் நினைத்தாள். போகப் போக, பொய் இல்லை என்று பட்டது. காலையில் பேசியவன் வேறு, சாயங்காலம் கடைக்குப் போகிறவன் வேறு. இருவரும் ஒரே சட்டைக்குள் இருக்கிறார்கள். அவள் சந்தித்ததெல்லாம் காலைக்காரனைத்தான். சாயங்காலக்காரனோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, எழுபத்துநான்கில் கடைகளை மூடிவிட்டார்கள். “உங்க சப்ஜெக்டையே கவர்மென்ட் தடை பண்ணிருச்சே” என்று கல்லூரியில் கிண்டல் செய்தார்கள். கேலி செய்யாதவள் வரலாறு நடத்திய அக்தர் பானு ஒருத்திதான். எண்பத்தொன்றில் மறுபடி கடை திறந்தபோது முதலில் வந்து சொன்னவளும் அவள்தான்.

ஆனால் ஆய்வுக்கு உயிர் வந்தது கயிற்றால். சொந்த ஊரில், புளியமரத்தடியில் ஒரு முனியப்பன் கோயில். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்ப் பூசாரி காத்தான் கையால் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கும்வரை ஒரு சொட்டுத் தொடக்கூடாது. தானாக அறுத்தால் முனியப்பன் சும்மா விடமாட்டார். தாங்கவே முடியவில்லை என்றால், கட்டிய கைதான் அவிழ்க்கவேண்டும். இத்தனைக்கும் கெடா வெட்டின்போது அந்த முனியப்பனுக்குச் சாராயமும் சுருட்டும்தான் படையல். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்படிக் கயிறு கட்டுகிற கோயில்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு சிலவும் உண்டு. அங்கெல்லாம் கயிறு ஒரு மாதம் தங்கினால் அதிசயம். காத்தான் கட்டிய கயிறோ, வருடக்கணக்காகக் கையில் கிடந்து நிறம் மங்கி நைந்துபோகும். காலையில் இருக்கிற மனிதன் சாயங்காலம் வரப்போகிற தன்னை முன்கூட்டியே கட்டிப்போடுகிறான் என்று சௌந்திரம் எழுதினாள். அது நல்ல வரி. காத்தானின் கயிறு மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு, இந்த முனியப்பன்மேல் மக்களுக்குப் பக்தி அதிகம் என்று எழுதினாள். ஆய்வேடு முழுவதிலும் விசாரிக்காமல் எழுதிய வரி அது ஒன்றுதான்.

அந்தக் கயிறு சின்னுசாமி கையிலும் இருந்தது. அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லராக இருந்தான். ஆந்திராப் பக்கம் மாதக்கணக்கில் போர் போடப் போவார்கள். மழைக்காலத்தில் வண்டிகள் ஊர் திரும்பிச் சும்மா நிற்கும். அந்தச் சும்மா இருக்கிற மாதங்களில்தான் அவன் குடிக்கப் பழகினான். மனைவி சென்னியம்மாள் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் அவனே ஒரு நாள் காலையில் போய்க் காத்தானிடம் கையை நீட்டினான். கயிறு நின்றது. சௌந்திரத்துக்கு அந்த வருடம் ஆய்வேடு முடிந்ததைவிடத் தம்பி கையிலிருந்த கயிறுதான் பெரிய சந்தோஷம்.

இந்த நேரத்தில்தான் வழிகாட்டிப் பேராசிரியர், அந்தக் கோயிலை ஒரு தரம் பார்க்கவேண்டும் என்றார். சௌந்திரத்துக்குத் திக்கென்றது. ஏனென்றால் காத்தான் பூசாரி ஒரு பெருங்குடிகாரர். ஊருக்கே தெரியும். பொழுது சாய்ந்தால் கடையில் இருப்பார். குடித்த கையால் கயிற்றைத் தொட அவருக்குப் பயம். மறுநாள் விடிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் கோயில் பக்கம் தலை காட்டுவார். மெட்ராஸிலிருந்து வருகிற பெரிய மனிதர் முன்னால் இந்த ஆளை எப்படி நிறுத்துவது?

கோயில் நிர்வாகம் பெரியப்பா கையில் இருந்தது. அவரிடம் போனாள்.

“ஏனுங் பெரியப்பா, குடிக்காதேன்னு கயிறு கட்டறவரே குடிச்சா நல்லாவா இருக்குது?”

“நானும் ரொம்ப நாளா நெனச்சதுதான் சாமி” என்றார் நாச்சிமுத்து. “நாலு பேரு சிரிக்கற மாதிரித்தான் இருக்குது. ராசப்பன்னு ஒருத்தரு இருக்கறாரு. பீடி கூடத் தொடமாட்டாரு. அவரையே வெச்சுப்போடலாம்.”

நல்ல நாள் பார்த்தார்கள். காலை வேளையில், கயிறு கட்டிய அத்தனை பேரையும் வரச்சொல்லி, காத்தான் கையால் அவிழ்த்து, அங்கேயே ராசப்பன் கையால் புதுக் கயிறு கட்டினார்கள். சின்னுசாமி முதல் ஆளாகக் கையை நீட்டினான். பேராசிரியர் போட்டோ எடுத்துக்கொண்டார். காத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. சௌந்திரமும் பார்க்கவில்லை.

ராசப்பனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கமான மனிதர். காலையில் கோயிலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு, யாராவது வருவார்கள் என்று பொறுமையாக உட்கார்ந்திருப்பார். மழைக்காலம் வந்தது. ரிக் வண்டிகள் திரும்பின. தீபாவளிக்குள் ஊரில் பாதிக் கைகளில் கயிறு இல்லை. சின்னுசாமி கையிலும் இல்லை. அதற்கடுத்த பயணத்தில் குடித்துவிட்டு வேலைக்கு நின்று, இரும்பு ராடு ஒன்றைக் கைதவறி விட்டான். பக்கத்தில் நின்றவர் கால் தப்பியது தெய்வச் செயல். முதலாளி அவனை ஆந்திராவிலேயே இறக்கிவிட்டு வந்துவிட்டார். சென்னியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கெங்கவல்லியில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் முழுசாகக் கையில் கயிறு இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சௌந்திரம் ஊருக்கு ஓடினாள். ராசப்பனிடம் கேட்டாள்.

“சாயங்காலம் வந்து நிப்பாங்க அம்மிணி” என்றார் அவர். “கண்ணுல தண்ணி உட்டுக்கிட்டு நிப்பாங்க. கோயலுக்கு வந்து கேக்கறவங்களுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றதுங்க?”

“காலைல யாராச்சும் அவுக்க வந்தாங்களா?”

ராசப்பன் கொஞ்சம் யோசித்தார். “காலைலயா? இல்லீங்க. காலைல ஒருத்தருமே வந்ததில்லீங்க.”

அவள் அப்படியே புளியமரத்து வேர்மேல் உட்கார்ந்துவிட்டாள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. காத்தான் சாயங்காலம் குடிப்பார். அதனால் சாயங்காலம் கயிற்றை அவிழ்க்க ஆள் கிடையாது. அவிழ்க்க வேண்டுமென்றால் விடியும்வரை காத்திருக்கவேண்டும். விடிந்தால் அவிழ்க்கிற ஆசை போய்விடும். இத்தனை பேர் குடிக்காமல் இருந்தது அந்த ஒரு மனிதர் தினமும் குடித்ததால். பத்து வருடத்துக்கு மேல் அவள் தேடிய விடை எல்லார் கண்ணுக்கும் முன்னால் சாராயக் கடையில் உட்கார்ந்திருந்தது. அவள்தான் சாயங்காலத்தில் அந்தப் பக்கமே போகாதவள் ஆயிற்றே. தெரியாமல் இருந்ததோடு விட்டாளா? அவளே போய், படித்தவள் வாயால் சொல்லி, அதைப் பிடுங்கி எறிந்திருந்தாள்.

காத்தானைத் திரும்ப வைக்கச் சொல்லிப் பெரியப்பாவிடம் நின்றாள். “போன வருசம் குடிகாரன் வேண்டாங்கற, இந்த வருசம் குடிகாரன்தான் வேணுங்கற. காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறீங்களா?” என்று அவர் சிரித்தார். சரி, சாயங்காலம் கோயிலைச் சாத்திவையுங்கள் என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கோயிலைச் சாத்துவதா என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. காத்தானையே தேடிப் போனாள். அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். “உங்க பெரியப்பாரு நிறுத்துனது ஒரு விதத்துல நல்லதாப் போச்சுங்க அம்மிணி” என்றார். “முன்னால பகல்ல குடிக்க முடியாது. இப்பப் பகல்லயும் குடிக்கறேன்.”

அவளுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில் பக்தி பற்றிய வரி அப்படியே இருந்தது. உண்மையை ஒரு கட்டுரையாக எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். ஒரு பூசாரியின் தனிப்பட்ட பழக்கத்தை ஆய்வுக்குரிய காரணியாகக் கொள்ள இயலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் மாலை போட்டு, இனிப்பும் காரமும் கொடுத்துப் பாராட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அந்த மாலையை ஆணியில் மாட்டினாள்.

எண்பத்தைந்தில் ஒரு நாள் காலையில் சின்னுசாமி வந்தான். சேலத்திலேயே, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கியிருந்தான். குளித்திருந்தான். கையில் ஒரு கறுப்புக் கயிறு. காத்தானைக் காலையில் எழுப்பிக் குளிக்கச் சொல்லி வாங்கி வந்ததாம்.

“இதக் கட்டி உடுக்கா.”

“கோயலுக்குப் போயிக் கட்டிக்க.”

“ராசப்பண்ணன் நல்ல மனுசன்க்கா. சாயங்காலம் போயி நின்னாப் போதும், அவுத்து உட்டுப்போடறாரு. நீயே கட்டு.”

“நா மட்டும் அவுத்து உட மாட்டனா?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீயி எனக்கு என்ன இல்லைன்னு சொல்லியிருக்கற? அவுத்துத்தான் உடுவ. அதுக்கு நீயே ஒரு வழி பண்ணிக்க. இதத்தான இத்தன வருசம் படிச்ச?”

கட்டினாள். கட்டிய கைதான் அவிழ்க்கவேண்டும். அந்தக் கை சாயங்காலம் அகப்படக் கூடாது. அன்று பொழுது சாயும் முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே போவது என்று அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்தர் பானு வீடு கோட்டைப் பகுதியில் இருந்தது. அண்ணன்மார் ஜவுளி வியாபாரம். முன்கூடத்தைத் தாண்டித் திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள் புழங்குகிற உள்வீடு. வெளி ஆண்பிள்ளை யாரும் அங்கே வந்து நின்று ஒருத்தியைக் கூப்பிட முடியாது. “இதவிடப் பெரிய பூட்டு சேலத்துல கெடையாதுடி” என்றாள் அக்தர் பானு. தினமும் அங்கே உட்கார்ந்து சௌந்திரம் விடைத்தாள் திருத்தினாள், அந்த வீட்டுப் பெண்களோடு சாப்பிட்டாள், கடைகள் மூடுகிற நேரம் தாண்டியபின் ரிக்‌ஷாவில் வீடு திரும்பினாள். சின்னுசாமியிடம் எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது ஒளிவதாகுமா?

சில சாயங்காலம் அவன் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மறுநாள் காலையில் அவன் அதைப் பேசமாட்டான், அவளும் கேட்கமாட்டாள். மாதங்கள் போயின. கயிறு கையில் இருந்தது.

எண்பத்தாறில், சென்னியம்மாள் சொன்ன கெடு முடியச் சில வாரங்களே இருக்கும்போது சௌந்திரத்துக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நடக்கத் தெம்பில்லை. மத்தியானம் பார்க்க வந்த அக்தர் பானு, போகும்போது வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோனாள். இரவுச் சோற்றோடு வந்து திறப்பதாக ஏற்பாடு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சௌந்திரம் உள்ளே படுத்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டை யாரோ தொட்டுப் பார்த்தார்கள். பிறகு படியில் ஆள் உட்காரும் சத்தம்.

“அக்கா” என்றான் சின்னுசாமி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பூட்டைப் பார்த்துத்தான் பேசுகிறான் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. “காலைல பெருமையாக் கையை நீட்டிப்போட்டுப் போறதும் நானுதான். இப்பக் கெடந்து சாகறதும் நானுதான். இத நா யாருகிட்டப் போயிச் சொல்றது? கை நடுங்குதுக்கா. சுத்தியல் புடிக்க முடியல.” அழுதான். சத்தம் போட்டு இல்லை, குழந்தையில் கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுவானே, அப்படி. இத்தனை வருடத்தில் சாயங்காலக்காரன் பேசி அவள் கேட்டது அன்றுதான். அந்தப் பூட்டு மட்டும் இல்லையென்றால், எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டிருப்பாள். சத்தியமாக அவிழ்த்துவிட்டிருப்பாள். அது உளுத்துப்போன பழைய கதவு. ஓர் ஆள் தோளால் மோதினால் கொண்டியோடு பெயர்ந்துவிடும். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் ஓர் இருமல் வெளியே வந்துவிட்டது.

வெளியே பேச்சு நின்றது. பிறகு அவன் எழுந்தான். செருப்புச் சத்தம் சந்து முனைவரை போய்த் தேய்ந்தது. எந்தப் பக்கம் திரும்பினான் என்று தெரியவில்லை. சந்து முனையில் இடது பக்கம் பட்டறை, வலது பக்கம் கடை. அக்தர் பானு வந்து கதவைத் திறந்து கஞ்சி கொடுத்தபோது அவளுக்கு இறங்கவில்லை.

விடிந்ததும் சின்னுசாமி வந்தான். குளித்திருந்தான். கையில் ஒரு பிரெட் பாக்கெட். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிரெட் என்பது காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் வாங்குவது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் பால் வைக்கப் போனான். மணிக்கட்டில் கயிறு இருந்தது.

“எனக்குக் காச்சல்னு உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள் சௌந்திரம்.

“இருமுனயே” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

அப்படியானால் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துதான் எழுந்து போயிருக்கிறான். கதவை ஒரு மோது மோதியிருக்கலாம். மோதவில்லை. எழுந்து போனது காலைக்காரன் இல்லை. அழுதுகொண்டிருந்தானே, அவனேதான். அவள் ஆய்வேட்டில் அவனுக்கு அப்படி ஒரு குணம் இருப்பதாக எந்தப் பக்கத்திலும் இல்லை. சௌந்திரத்துக்கு அழுகை வந்தது, அழுதாள்.

“அழுவாத. பால்ல தொட்டுத் தின்னு” என்றான் சின்னுசாமி. டம்ளரைப் பக்கத்தில் வைத்தான். “சாயங்காலம் இங்க இருக்காதக்கா. ரிக்‌ஷா சொல்லி உடறேன். எப்பவும்போலக் கோட்டைக்கு, பானு அக்கா ஊட்டுக்குப் போயிரு.”

அந்த வீட்டைப் பற்றி அவள் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.